ஏரிக்கரைக் கஞ்சாவும் 1929ஆம் ஆண்டுச் சட்டமும்

கண்டிக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளிடையே கஞ்சாவைப் பற்றி இரண்டு கதைகள் உலவுகின்றன. இங்கே எல்லோரும் புகைக்கிறார்கள், பொலிஸ் கண்டும் காணாமல் இருக்கும், மாட்டிக்கொண்டாலும் கொஞ்சம் காசைத் திணித்தால் போதும் என்பது ஒன்று. ஒரு பீடியோடு அகப்பட்டாலும் தூக்குமேடைதான் என்பது மற்றது. முதல் கதை தென்கரைக் கடற்கரை விடுதிகளிலிருந்து ரயிலேறி மலைக்கு வருகிறது. இரண்டாவது கதை, போதைப்பொருளுக்கு மரண தண்டனை என்ற செய்தியின் தலைப்பை மட்டும் படித்தவர்களிடமிருந்து கிளம்புகிறது. இரண்டும் பிழை. இரண்டுக்கும் நடுவே உண்மையான சட்டம் ஒன்று இருக்கிறது. கண்டி ஏரியைச் சுற்றி நடக்கும் பயணிக்கு அதை எடுத்துச் சொல்பவர் அரிது. சொல்லாமல் விட்டதற்கான விலையைப் பயணியும் கொடுக்கிறார். அவருக்குப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்த உள்ளூர்ப் பையன் அவரைவிடப் பல மடங்கு அதிகமாகக் கொடுக்கிறான். ஆகவே பயணிக்கும் உள்ளூரவருக்கும் சட்டம் ஒன்றாகவே இருக்க வேண்டும், அது வாசலிலேயே சொல்லப்பட வேண்டும், சிறு அளவு வைத்திருப்பவரையும் கடத்தல்காரரையும் அது வேறு வேறாகப் பார்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். இலங்கையில் கஞ்சாவை ஆள்வது நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கம். 1925இல் ஜெனீவாவில் எழுதப்பட்ட சர்வதேச அபின் உடன்படிக்கை இந்தியக் கஞ்சாவையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, ஆங்கிலேயர் ஆண்ட இலங்கையில் இந்தக் கட்டளைச் சட்டம் வந்தது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் கஞ்சாச் செடியை நடுவது, வைத்திருப்பது, விற்பது, நாட்டுக்குள் கொண்டுவருவது, வெளியே கொண்டுபோவது எல்லாமே இதன்படி குற்றம். கொஞ்சமாக வைத்திருந்தால் குற்றமில்லை என்று ஒரு விளிம்பு கிடையாது. சுற்றுலாப் பயணிக்கென்று தனிச் சலுகையும் கிடையாது. பிறகு ஏன் தூக்குமேடைக் கதை? 1984இல் வந்த திருத்தம் ஹெரோயின், கொக்கேயின் ஆகியவற்றை 2 கிராம் அல்லது அதற்கு மேல் கடத்தினாலோ வைத்திருந்தாலோ மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்று விதித்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் ‘ஐஸ்’ எனப்படும் மெத்தம்பெட்டமினை 5 கிராம் எல்லையோடு அந்தப் பட்டியலில் சேர்த்தது. கஞ்சா அந்த மரணப் பட்டியலில் இல்லை. தவிரவும், நாட்டில் 1976க்குப் பிறகு எவரும் தூக்கிலிடப்படவில்லை. 2019இல் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரின் தண்டனையை நிறைவேற்ற உத்தரவிட்டபோது உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. எனவே கஞ்சாப் பயணிக்குத் தூக்கு இல்லை. ஆனால் தூக்கு இல்லை என்பதும் தொல்லை இல்லை என்பதும் ஒன்றாகிவிடாது.

ஒரு சிறு பொட்டலம் பிடிபட்ட பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். தலதா மாளிகைக்குள் நுழையும் எவருடைய பையும் உடலும் சோதிக்கப்படும். 1998இல் அங்கே நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்த வாசலின் வழக்கம் அது. எசல பெரஹெரா ஊர்வல நாள்களில் நகரத் தெருக்கள் முழுக்கப் பொலிஸ் நிற்கும். பிடிபட்ட பொட்டலம் பொலிஸ் நிலையத்தில் நிறுக்கப்படுகிறது. நம் பத்திரிகைச் செய்திகளில் “5 கிராம் 250 மில்லிகிராம்” என்கிற மாதிரித் துல்லியமான எடைகள் வருவது இந்தத் தராசிலிருந்துதான். பிறகு அது உறையிலிடப்பட்டு முத்திரை வைக்கப்படும். வழக்கு எதிர்த்து நடத்தப்பட்டால், அது கஞ்சாதான் என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம் சொல்ல வேண்டும். சந்தேகநபர் நீதவான் முன் நிறுத்தப்படுவார். அளவு சிறியதென்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டிவிட்டுப் போகிறவர் பலர். அளவு கொஞ்சம் கூடினாலோ, விற்பனைக்கு வைத்திருந்ததாகச் சந்தேகம் எழுந்தாலோ விளக்கமறியல். பெரிய அளவென்றால் மேல் நீதிமன்றம். முப்பது நாள் விசாவில் வந்தவருக்கு இது எதைக் குறிக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. திரும்பும் விமானம் போகும், விசா காலாவதியாகும், நீதிமன்றப் பொறுப்பில் இருக்கும் கடவுச்சீட்டுக்காகக் காத்திருக்க வேண்டும், வழக்கு முடிந்தபின் நாடு கடத்தப்படவும் கூடும். வெளிநாட்டுத் தூதரகம் தன் பிரஜைக்கு வழக்கறிஞர் பட்டியலைக் கொடுக்கும். சிறைக் கதவைத் திறந்துவிட அதனால் முடியாது.

இனிச் சிக்கலான பகுதிக்கு வருவோம். கஞ்சா இந்த மண்ணுக்கு அந்நியமானதல்ல. சிங்கள மருத்துவ மரபில் அதற்கு ‘திரிலோக விஜய பத்ர’, அதாவது மூவுலகையும் வென்ற இலை என்று பெயர். சித்த மருத்துவமும் அதைச் சுத்தி செய்து லேகியங்களில் சேர்க்கிறது. 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டம் பதிவுபெற்ற வைத்தியர்களுக்கு மருத்துவத் தேவைக்காக இதைப் பெற வழி வைத்திருக்கிறது. நீதிமன்றங்கள் பறிமுதல் செய்த கஞ்சாவே நாவின்னவில் உள்ள ஆயுர்வேத மருந்துகள் கூட்டுத்தாபனத்துக்குப் போய், அங்கிருந்து மருந்தாக வைத்தியர்களைச் சென்றடைவது நீண்டகால நடைமுறை. அதாவது ஒரே இலை, ஒருவன் சட்டைப்பையில் இருந்தால் வழக்குப் பொருள். வைத்தியர் உரலில் இருந்தால் மருந்து. சட்டத்தின் பார்வையில் இதில் முரண்பாடு இல்லை, ஏனென்றால் வித்தியாசம் இலையில் இல்லை, அனுமதிப்பத்திரத்தில் இருக்கிறது. பயணியின் பார்வையிலோ இது பெரிய குழப்பம். கண்டி நகரத்து ஆயுர்வேதக் கடைகளிலும் மாத்தளை வீதியின் வாசனைத் திரவியத் தோட்டங்களிலும் எண்ணெயும் தைலமும் சூரணமும் வாங்குவது இன்று கண்டிப் பயணத்தின் ஒரு பகுதி. மதன மோதகம் என்று ஒரு மருந்து உண்டு. கஞ்சா சேர்கிற பழைய செய்முறை. அந்தப் பெயரிலேயே, எவர் எங்கே செய்தார் என்று தெரியாத உருண்டைகளும் பொட்டலங்களும் சந்தையில் புழங்குகின்றன. பொலிஸார் அவற்றைத் திரும்பத் திரும்பக் கைப்பற்றுகிறார்கள். ‘ஆயுர்வேதம்’ என்று லேபிள் ஒட்டியிருப்பதால் அது சட்டபூர்வமாகிவிடாது. கண்டியில் வாங்கிய உருண்டையைப் பையில் போட்டுக்கொண்டு சிங்கப்பூர் வழியாகவோ துபாய் வழியாகவோ வீடு திரும்பும் பயணி, தான் கொண்டுபோவது என்னவென்று அறியாமலே இன்னொரு நாட்டுச் சட்டத்தின் வாசலில் போய் நிற்கிறார். சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை கட்டாயமாகலாம். ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்தார் என்று அங்கே ஒரு தமிழர் 2023 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டதை நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஓர் உருண்டைக்கு அந்தத் தண்டனை கிடைக்காது. ஆனால் கைதும் வழக்கும் சிறையும் அந்த எடைக்காகக் காத்திருப்பதில்லை.

இந்த விஷயம் தமிழ் வாசகர்களுக்கு வேறொரு வகையிலும் நெருக்கமானது. கனடா 2018 ஒக்டோபர் 17 முதல் கஞ்சாவை வயது வந்தோருக்குச் சட்டபூர்வமாக்கியது. ஜெர்மனி 2024 ஏப்ரல் 1 முதல் 25 கிராம் வரை வைத்திருக்க அனுமதித்தது. புலம்பெயர்ந்த நம் பிள்ளைகள் நிறையப் பேர் வாழும் இரண்டு நாடுகள் இவை. ரொறன்ரோவில் கடைக்குப் போய் ரசீதோடு கஞ்சா மிட்டாய் வாங்கிப் பழகிய இருபத்தைந்து வயதுப் பிள்ளை, கோடை விடுமுறையில் அப்பம்மாவைப் பார்க்க வரும்போது அந்த மிட்டாய்ப் பொதியைக் கைப்பையில் அப்படியே மறந்துவிடுவது நடக்கக்கூடியதே. கனடாவின் சட்டமே கஞ்சாவை எல்லை தாண்டிக் கொண்டுபோவதைத் தடுக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் அந்த ரசீது எதற்கும் உதவாது. வெளிநாட்டு வைத்தியர் எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டும் இங்கே அனுமதிப்பத்திரம் ஆகிவிடாது. இந்தியாவிலிருந்து வருகிறவர்களிடம் குழப்பம் வேறு மாதிரி. இந்தியாவின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்ற வரையறைக்குள் வெறும் இலை வரவில்லை. அதனால்தான் வாரணாசியிலும் ஜெய்சல்மரிலும் அரசு உரிமம் பெற்ற பாங்கு கடைகள் இருக்கின்றன. அங்கே பாங்கு குடித்துப் பார்த்தவர், இலைதானே என்று இங்கே நினைத்துவிடக்கூடும். இலங்கைச் சட்டம் அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை.

விமான நிலையத்தில் இன்று தேடுதல் கடுமையாக இருப்பதற்கு ஒரு காரணம் தாய்லாந்து. 2022 ஜூன் 9இல் தாய்லாந்து கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. பாங்கொக்கின் தெருவெங்கும் கடைகள் முளைத்தன. அங்கே மலிவாகக் கிடைக்கும் வீரியம் கூடிய பூக்கள் ‘குஷ்’ என்ற பெயரில் கொழும்புக்குப் பறக்கத் தொடங்கின. 2025 மே மாதம் பாங்கொக்கிலிருந்து வந்திறங்கிய ஓர் இளம் வெளிநாட்டுப் பயணியின் பெட்டிகளில் 46 கிலோ குஷ் இருந்ததாகச் சுங்கம் அறிவித்தபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் அதை எழுதின. அடுத்த மாதமே தாய்லாந்து, பூவை வைத்தியர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று கட்டுப்பாட்டைத் திரும்பக் கொண்டுவந்தது. உள்ளூரிலும் கஞ்சாவுக்குப் பஞ்சமில்லை. மொனராகலை, தணமல்வில, சியம்பலாண்டுவ பக்கத்துக் காடுகளில் இரகசியமாகப் பயிராகிறது. கேரள கஞ்சா என்ற பெயரில் மன்னார், யாழ்ப்பாணக் கரைகளில் படகில் வந்திறங்குகிறது. கண்டி இவற்றில் எதையும் விளைவிக்கும் ஊர் அல்ல. இங்கே அது வந்து சேர்கிறது, கைமாறுகிறது. கைமாறும் அந்த ஒரு நிமிடத்தில் பயணியும் உள்ளூர் இளைஞனும் ஒரே குற்றத்துக்குள் நிற்கிறார்கள்.

இங்கே ஒரு மறுப்பு வரும். டொலர் இல்லாமல் 2022இல் நாடு பட்ட பாட்டுக்குப் பிறகு, பயணிகளுக்காகவாவது கஞ்சாவைத் திறந்துவிடலாமே, வருமானம் வருமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்த யோசனை திண்ணைப் பேச்சோடு நின்றதல்ல. 2017இல் அன்றைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன மருத்துவத் தேவைக்காக இங்கிரியவில் கஞ்சாத் தோட்டம் அமைப்பதைப் பற்றிப் பேசினார். 2022 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிடுவதை ஆராய நிபுணர் குழு அமைக்கப் போவதாகச் சொன்னார். சுற்றுலா இராஜாங்க அமைச்சராக இருந்த டயானா கமகே அதற்காகவே வெளிப்படையாக வாதாடினார். 2025இல் மீரிகமவில், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் கடுமையான நிபந்தனைகளோடு ஏற்றுமதிக்காக மட்டும் பயிரிடும் திட்டம் முன்னுக்கு வந்தது. ஏற்றுமதிப் பயிராக அது இலாபம் தருமா என்பது பொருளாதாரக் கேள்வி. அதைத் தனியாகப் பேசலாம். ஆனால் பயணிக்கு மட்டும் சலுகை என்பது நீதிக்கே எதிரானது. ஹந்தான மலையடிவாரத்தில் ஒரு வெளிநாட்டவர் சட்டபூர்வமாகப் புகைக்க, அவருக்குப் பக்கத்தில் நிற்கும் தோட்டத்துப் பையனை அதே புகைக்காக விளக்கமறியலுக்கு அனுப்பும் சட்டத்தை எந்த நீதவானாலும் மனச்சாட்சியோடு நடைமுறைப்படுத்த முடியாது. தோலின் நிறத்தைப் பார்த்துக் குற்றம் மாறிய காலம் 1948ஓடு முடிந்ததாகத்தான் நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். வருமான வாதமும் நிற்கவில்லை. 2018இல் 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் இலங்கைக்கு வந்தார்கள், 2024இல் 20 இலட்சத்துக்கு மேல். இந்தச் சட்டம் அப்படியே இருந்தபோதுதான் அவர்கள் வந்தார்கள். தலதா மாளிகைக்கும், பேராதனைப் பூங்காவுக்கும், பெரஹெராவின் யானைகளுக்கும், எல்ல போகும் ரயிலுக்கும் வந்தார்கள். போயா நாளில் மதுக்கடை மூடியிருப்பதையும் சகித்துக்கொண்டு வந்தார்கள்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு மறுப்பு உண்டு. என் மனத்தில் அதற்குக் கூடுதல் மதிப்பு. பள்ளிக்கூட வாசலில் மாத்திரையும் ஐஸும் விற்கப்படும் காலத்தில், பெற்றோர் தூக்கமின்றித் தவிக்கும்போது, தண்டனையை இலேசாக்குங்கள் என்று பேசுவது பொறுப்பற்ற செயல் என்பார்கள். அந்தப் பயம் நியாயமானது. பதின்வயதில் தொடர்ந்து கஞ்சா புகைப்பது மூளை வளர்ச்சிக்கும் மனநலத்துக்கும் கேடு என்பதில் மருத்துவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் கடுமை இதுவரை என்ன செய்திருக்கிறது? 2023 டிசம்பர் 17இல் தொடங்கிய ‘யுக்திய’ என்ற போதைப்பொருள் எதிர்ப்பு நடவடிக்கையில் ஒரு மாதம் ஆவதற்குள் 29,000க்கும் மேற்பட்டோர் கைதானார்கள் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கவலை தெரிவித்தது. அது தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆவதற்குள், 2025 ஒக்டோபரில், புதிய அரசு போதைப்பொருளுக்கு எதிராக மறுபடியும் ஒரு தேசிய நடவடிக்கையைத் தொடங்க வேண்டியிருந்தது. முதல் வலை பெரிய மீன்களைப் பிடித்திருந்தால் இரண்டாவது வலைக்கு இத்தனை அவசரம் வந்திருக்காது. நாட்டின் சிறைகள் கொள்ளளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேலானோரை அடைத்து வைத்திருக்கின்றன. அதில் பெரும் பங்கு போதைப்பொருள் வழக்குகள். கண்டி ஏரிக்குப் பக்கத்தில் இருந்த பழைய போகம்பறைச் சிறை 2014இல் மூடப்பட்டுக் கைதிகள் பல்லேகலவுக்கு மாற்றப்பட்டார்கள். கிரிக்கெட் பார்க்கப் பல்லேகல மைதானத்துக்குப் போகும் பயணிகளுக்கு, அதே ஊரில் இருக்கும் அந்தச் சிறை கண்ணில் படுவதில்லை. சில கிராம் கஞ்சாவுக்காக அங்கே போகும் பத்தொன்பது வயதுப் பையன், ஹெரோயின் வியாபாரிகளோடு ஒரே கூடத்தில் படுத்து எழுந்து வெளியே வரும்போது கற்றுக்கொண்டு வருவது கஞ்சாவை விடும் வழியாக இருக்காது.

தண்டனையை நீக்கிவிட்டுக் கைகழுவச் சொல்லவில்லை. போர்த்துக்கல் 2001இல் செய்தது கவனிக்கத் தக்கது. சொந்தப் பாவனைக்கான சிறு அளவைக் குற்றவியல் வழக்கிலிருந்து விலக்கி, பிடிபட்டவரை மருத்துவரும் சமூகப் பணியாளரும் அமரும் ஆணைக்குழு முன் அனுப்பியது. பொருள் தடைசெய்யப்பட்டதாகவே இருந்தது. கடத்தல் குற்றமாகவே இருந்தது. மாறியது முதல் கதவு மட்டும். 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணைக்குழு, கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் அட்டவணையிலிருந்து 27க்கு 25 என்ற வாக்குகளில் நீக்கியதும், உலகம் இதைத் திரும்ப யோசிக்கிறது என்பதற்கு அடையாளம். நம்மிடம் இதற்கான அமைப்பு இல்லாமல் இல்லை. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1984 முதல் இருக்கிறது. அதன் சிகிச்சை நிலையம் கண்டியிலும் உண்டு. 1927 என்ற இலக்கத்தில் அழைத்து ஆலோசனையும் கேட்கலாம். சில கிராமோடு பிடிபட்டவருக்கு, அவர் கண்டிக்காரரானாலும் கனடாக்காரரானாலும், எழுத்தில் உள்ள நிச்சயமான தண்டப்பணம் விதிக்கலாம். அதை அந்த இடத்தில் கையில் கொடுக்க முடியாது, வங்கியில் கட்டி ரசீது பெற வேண்டும். உள்ளூர் இளைஞனுக்கு அதோடு ஒரு மருத்துவரின் சந்திப்பு. கிலோக் கணக்கில் கொண்டுவருகிறவருக்கு இப்போதுள்ள கடுமை அப்படியே இருக்கட்டும். இப்படி ஒரு ஏற்பாடு வந்தால் கையில் காசைத் திணிக்கும் கதைக்கும் இடமிருக்காது, தூக்குமேடைக் கதைக்கும் இடமிருக்காது.

சட்டம் மாற நாடாளுமன்றம் வேண்டும், காலம் வேண்டும். வாசலில் ஓர் அறிவிப்பு வைக்க இவை எதுவும் வேண்டாம். கண்டியில் விடுதி நடத்துகிறவர்கள், வீட்டில் இரண்டு அறையை வாடகைக்கு விடுகிறவர்கள், ரயில் நிலைய வாசலில் ஓட்டோ வைத்திருக்கிறவர்கள் இதை இன்றைக்கே செய்யலாம். சாவி கொடுக்கும் மேசையில், ஓட்டோவின் முன்னிருக்கைப் பின்புறத்தில், ஆங்கிலத்திலும் ரஷ்ய மொழியிலும் ஹிந்தியிலும் தமிழிலும் இரண்டு வரி எழுதி ஒட்டுங்கள்: இலங்கையில் கஞ்சா வைத்திருப்பதும் வாங்குவதும் விற்பதும் எந்த நாட்டவர் செய்தாலும் குற்றம். உங்களுக்காக அதை வாங்கி வரும்படி எங்கள் பிள்ளைகளைக் கேட்காதீர்கள்.